தாண்டாமல் வர ஒரு வழி

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். இதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஹாலிஎலப் பக்கம் என்னிடம் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் காதைத் தடவிக்கொண்டே சொல்லும். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, நான் பென்ஷனில் வந்த அடுத்த வருஷமே மத்தியஸ்த சபையில் போட்டார்கள். "நீ போறது சண்டையைத் தீர்க்கவா, மூட்டிவிடவா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவருக்கு அன்று மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை.

சபை என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைதான் எங்கள் சபை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் நாங்கள் உட்கார வேண்டும், முழங்கால் மேசையில் இடிக்கும். கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கணக்கு அழியாமல் இருக்கும். வழக்கோடு வருகிறவர்கள் எங்கள் பெயர்ப்பட்டியலிலிருந்து ஆளுக்கு ஒருவரைத் தெரிந்தெடுப்பார்கள். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் தெரிந்தெடுப்பார்கள். விவாகரத்துக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, அது கோர்ட்டின் வேலை. ஆனால் பிள்ளை யாரோடு இருப்பது, யார் எப்போது வந்து பார்ப்பது போன்ற விஷயங்களை இருவரும் ஒத்துக்கொண்டால் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். அவர்கள்தான் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும், நாங்கள் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது சட்டம். எனக்கு அதில்தான் நாக்கு அரிக்கும்.

நான் சொல்ல வந்தது ஒரு வழக்கை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வழக்குகளில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒன்றை நினைத்தால் மட்டும் இப்போதும் கை ரோமம் நிற்கிறது.

மனுக் கொடுத்தவள் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், இருக்கும் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை. புருஷன் பிரிந்து போய் ஹல்துமுல்லைப் பக்கம் தன் அக்காள் வீட்டில் இருந்தான், அங்கே தோட்டத்தில் வேலை. இவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள். மனுவில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: மகள் வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறாள், தகப்பன் வந்து பார்க்க மாட்டேன் என்கிறான், சபை கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பொதுவாக இதற்கு நேர்மாறாகத்தான் வருவார்கள். "அந்த ஆள் என் பிள்ளையைப் பார்க்கவே கூடாது" என்று வருவார்கள். வந்து பார்க்கச் சொல்லி ஒரு பெண் மனுக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

பட்டியலை வாசித்தபோது அவள் என்னைத் தெரிந்தெடுத்தாள். பெண் என்பதால் இருக்கும். அவன் பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவரைத் தெரிந்தெடுத்தான். காரணம் கேட்டதற்கு, "தீவாளிக்கு அவரு கடையிலதாங்க எடுப்போம். மொகம் பாத்துக் கொறைச்சுக் குடுப்பாரு" என்றான். முதலாளி சிரித்துவிட்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து, ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களப் பெரியவரைத் தெரிந்தெடுத்தோம். தமிழ் நன்றாகப் பேசுவார். எழுதுகிற வேலையை எப்போதும் அவரே எடுத்துக்கொள்வார், அவர் கையெழுத்து அத்தனை அழகு.

மகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். லயத்துக்குக் கீழே மலைத்தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவள் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விலகிவிட்டது என்றாள். பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் அசைக்கக்கூடாது, தூக்கி வெளியே கொண்டு வரவும் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு.

"ராவும் பகலும் அப்பா அப்பான்னுதான் கெடக்கு டீச்சர். சோறு எறங்க மாட்டேங்குது. இவரு ஞாயித்துக்கெழமையில வர்றாரு. வந்து இஸ்தோப்புல நின்னு ஜன்னல் வழியா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிர்றாரு. படுத்த எடத்துல இருந்து அதுக்கு அவரு மொகம்கூடத் தெரியாது. கட்டில் சொவரோரமா கெடக்கு. உள்ள வாங்கன்னு நானே சொல்லிட்டேன், வர மாட்டேங்கிறாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஹல்துமுல்லையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பெற்ற பிள்ளை படுத்திருக்கும் வீட்டின் விறாந்தையில் நின்றுவிட்டுப் போகிறானாம்! சபையில் யாரையும் திட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வாய் கேட்கவில்லை.

"ஏம்ப்பா, ஒனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா? பொண்டாட்டி மேல கோவம்னா அவளோட வச்சுக்க. புள்ள என்ன பண்ணிச்சு? ரோஷத்தப் பாரு ரோஷத்த!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான். முதலாளிதான் மெதுவாக, "தம்பி, ஏதோ காரணம் இருக்கும். சொல்லுங்க, நாங்க கேக்கத்தானே வந்திருக்கோம்" என்றார்.

அப்புறம்தான் மெல்ல மெல்ல வெளியே வந்தது.

அவள் துணிக்கடை வேலைக்குப் போகத் தொடங்கியதும் இவனுக்குச் சந்தேகம். ஒரு நாள் லயத்து வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழ, அவளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். என்ன வார்த்தை என்று அவள் எங்களிடம் திருப்பிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அது அவள் பிறந்து வளர்ந்த லயம். அன்றே அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாள். பிறகு தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் இருவரையும் கோயிலுக்கு அழைத்துப்போய்ப் பேசியிருக்கிறார். இனி அந்தப் பக்கம் போய்த் தகராறு பண்ண மாட்டான் என்பதற்கு அவனைச் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து வாக்குக் கொடுப்பதற்கு மேல் தோட்டத்தில் வேறு கோர்ட் இல்லை. அவனும் மாரியம்மன் முன்னால் அடித்தான். கோபத்தில் இருந்தவன், தலைவர் கேட்டதற்கும் மேலே போய், "இனி அந்த வாசப்படி தாண்டினா என் புள்ளைக்கு ஆகாது" என்று சொல்லி அடித்தான்.

"பைத்தியக்காரத்தனம்!" என்றேன். "சூடம் அணைஞ்சதோட அதுவும் போச்சு. வாய் வார்த்தைக்குப் பயந்துக்கிட்டா புள்ளையப் பாக்காம இருப்பே? படிச்சவதானே சொல்றேன், கேளு."

அவன் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"வாய் வார்த்தை இல்லீங்க டீச்சர். நான் ஒரு வாட்டி தாண்டிட்டேன்."

அவன் சொன்னான். சத்தியம் பண்ணி ஒரு மாதம் போன பிறகு மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியிருக்கிறான். கொண்டுபோன நேரம் வீட்டில் யாரும் இல்லை. அவள் கடையில், மகள் பள்ளிக்கூடத்தில். சாவி எங்கே சொருகியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வெளியே வைத்தால் நாய் தூக்கிக்கொண்டு போகும் என்று கதவைத் திறந்து, உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை.

"நாலாம் நாளு புள்ள விழுந்திருச்சு."

சொல்லிவிட்டு அவன் அழவில்லை. தொப்பியைத் திருகுவதையும் நிறுத்திவிட்டான். "ஆஸ்பத்திரியில இருந்த வரைக்கும் நெதமும் போனேங்க. அங்க அந்த வாசப்படி இல்ல. வீட்டுக்குக் கொண்டாந்த பெறகு எப்புடிங்க போறது? ஒரு வாட்டி தாண்டுனதுக்கே இடுப்பு. இன்னொரு வாட்டி தாண்டினா?"

இத்தனை நேரம் ரோஷம் ரோஷம் என்று கத்தினேனே, அந்த மனுஷன் பயத்தில் அல்லவா விறாந்தையில் நின்றிருக்கிறான். பிள்ளை செத்துவிடக்கூடாது என்றல்லவா வெளியே நின்றிருக்கிறான்.

ஆனால் நான் அசந்து போனது அதற்கில்லை. அதற்கடுத்து அந்தப் பெண் பேசியதற்கு.

"சப்பாத்து கொண்டாந்தது எனக்குத் தெரியும்" என்றாள். எங்களைப் பார்த்துத்தான் சொன்னாள், அவன் பக்கம் திரும்பவில்லை. "சிமெந்துல செம்மண் தடம் இருந்திச்சு. தொடைச்சு விட்டுட்டேன். அவரு தாண்டுனதுனால ஒண்ணும் விழல டீச்சர். அன்னிக்கு எனக்கு பஸ்சுக்கு நேரமாயிருச்சு. நான் போய்ப் புடிச்சிருக்கணும் தண்ணி. புள்ளைய அனுப்பிட்டேன். பீலியில பாசி கெடக்குன்னு தெரிஞ்சேதான் அனுப்பினேன். அது என் தப்பு. அவரு மேல இல்ல."

சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தச் சின்ன நாற்காலிகளில் எத்தனை புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்! அவன்தான், அவள்தான், அவன் அம்மாதான், அவள் தம்பிதான். விரல் எப்போதும் எதிர்ப்பக்கம்தான் நீளும். இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடத் தயாராக இல்லை, சேர்ந்து வாழும் பேச்சே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் பழியை மட்டும் ஆளுக்கு ஆள் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முதலாளிதான் பேச்சை எடுத்தார். "எங்க மார்க்கத்துல சத்தியத்த முறிச்சா அதுக்குப் பரிகாரம் இருக்கு தம்பி. பத்து ஏழைங்களுக்குச் சோறு குடுக்கணும். உங்களுக்கும் ஏதாச்சும் இருக்கும்தானே?"

"பூசாரியக் கேட்டேன் முதலாளி. புள்ள மேல பண்ணுனத எடுக்கேலாதுன்னுட்டாரு."

முதலாளி தாடியைத் தடவினார். பிறகு என்னையும் ஸ்டேஷன் மாஸ்டரையும் பார்த்துவிட்டு, "அப்போ இப்பிடி எழுதுவோம். நாங்க மூணு பேர் சொல்லித்தான் இவர் உள்ள போறார். தாண்டினா வர்ற பழி எங்க மூணு பேர் மேல. இவர் மேலயும் இல்ல, புள்ள மேலயும் இல்ல" என்றார்.

அடேயப்பா! என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தலையிலும் அல்லவா வைத்துவிட்டார் இந்த மனுஷன்! இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவள் நான். பழியாவது ஒன்றாவது என்று உடனே தலையாட்டியிருக்க வேண்டும்தானே? எனக்கு என் பேத்தியின் ஞாபகம் வந்தது. பண்டாரவளையில் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அந்த பஸ் மலை வளைவில் திரும்புவது கண்ணில் வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் தலையாட்டினார். பிறகு நானும் ஆட்டினேன்.

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"வேணாங்க. நீங்களும் புள்ளகுட்டிக்காரங்க. என் வாயால வந்தத நீங்க சொமக்கக் கூடாது. தாண்டாம வர்றதுக்கு ஒரு வழி இருந்தா சொல்லுங்க, நாள் தவறாம வாறேன். நீங்க மூணு பேரும் என்ன எழுதினாலும் கட்டுப்படுறேன்."

எங்களுக்கு என்ன வழி தெரியும்? முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய பழைய லயம், ஒரு வீட்டுக்கு ஒரே வாசல். பின்கதவு கிடையாது. ஜன்னலில் கம்பி.

"எழுதுங்க சேர்" என்றாள் அவள். "ஞாயித்துக்கெழமை தோறும் காலையில பத்து மணிக்கு வரணும், நாலு மணி வரைக்கும் புள்ளகூட இருக்கணும்னு எழுதுங்க. தாண்டாம வர்றதுக்கு நான் வழி பண்றேன். அது என் பொறுப்புன்னும் எழுதுங்க."

"என்ன வழிம்மா?" என்றேன்.

"எழுதுங்க டீச்சர்."

எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் மூவரும் போட்டோம். போகும்போதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் முன்னால் போய் பஸ்ஸேறும் வரை அவள் பள்ளிக்கூட விறாந்தையிலேயே நின்றுவிட்டுப் பிறகுதான் போனாள்.

சபைக்காரர்கள் வீடு தேடிப் போவது வழக்கமில்லை. ஆனால் எனக்கு அடுத்த ஞாயிறு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பது மணிக்கே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தோட்டத்து ரோட்டில் பாதித் தூரம் ஓட்டோ, மீதித் தூரம் நடை. மூச்சு வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவன் எனக்கு முன்னால் வந்து இஸ்தோப்புக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். அசையாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன்.

படி இல்லை.

நிலைக்கால்கள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. கீழே கிடக்க வேண்டிய மரக்கட்டையைக் காணோம். அது இருந்த இடத்தில் உடைந்த சிமெந்தும் செம்மண்ணும் ஒரு பள்ளமாகக் கிடந்தன. பக்கத்தில் சுவரில் ஒரு நீள இரும்பு அலவாங்கு சாத்தியிருந்தது. அவள் உள்ளேயிருந்து வந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தாள்.

"அக்கம்பக்கத்துல ஆம்பிளைங்களக் கூப்பிட்டேன் டீச்சர். படியப் புடுங்க மாட்டோம்னுட்டாங்க. பயம். நானே புடுங்கிட்டேன்."

வாசற்படி என்றால் என்ன என்று எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அதில் உட்கார்ந்தாலே ஏச்சு விழும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கும்பிடுவது அதைத்தான். லட்சுமியே அங்கேதான் இருக்கிறாள் என்பார்கள். இந்தப் பெண் வெள்ளி காலையில் மஞ்சளும் பூசி, கும்பிட்டு, சனி ராத்திரி அதையே அலவாங்கு போட்டுக் கிளப்பியிருக்கிறாள். தோட்டத்து வீடு, மேனேஜர் துரைக்குத் தெரிந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் யாருக்காக? தன்னை ஊர் கேட்கத் தூற்றிய ஒருவன் உள்ளே வந்து தன் பிள்ளையைப் பார்ப்பதற்காக. அப்படி ஒரு மனசு எனக்கு இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை.

அவன் இன்னும் அசையவில்லை. என் பக்கம் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், இது சரியா வருமாங்க? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கட்டுப்படுறேன்."

தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் நாக்கு அரித்திருக்கிறது எனக்கு! இப்போது ஒருவன் வாய்விட்டுக் கேட்கிறான். மாரியம்மனுக்கும் அவனுக்கும் நடுவில் நிற்க நான் யார்? உள்ளேயிருந்து பிள்ளையின் குரல் கேட்டது: "அம்மா, அப்பா வந்துட்டாங்களா?"

"சரியா வரும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்புறம் வகுப்பில் பேசுவது போல் சத்தமாகச் சொன்னேன்: "சரியா வரும்! தாண்டுறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. உள்ள போப்பா."

அவன் செருப்பைக் கழற்றினான். பள்ளத்து மண்ணைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனான். கட்டில் கிரீச்சிட்டது. "அப்பா, குளிருது. கதவச் சாத்துங்க" என்றது பிள்ளை. அவன் வந்து கதவைச் சாத்தினான். சாத்தியும் கீழே ஒரு சாண் இடைவெளி, அதன் வழியே காற்று போய்க்கொண்டுதான் இருந்தது. அவன் அங்கேயே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதது அந்த இடைவெளியில் அவன் பாதங்கள் இருந்த இருப்பிலேயே எனக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் போய் நானும் உள்ளே போனேன். அவன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தான், மகள் அவன் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் புதுச் சப்பாத்து, இன்னும் காலில் ஏறாதது. பிள்ளையின் தாய் அடுப்படியில் இருந்தாள். எனக்கொன்று, அவனுக்கொன்று என்று இரண்டு கோப்பை பிளேன்டீயை என் கையிலேயே கொடுத்தாள். அவனுடையதை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று புரிந்தது. கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தேன். வாய் சும்மா இருக்குமா? "என்னம்மா இது, தேத்தண்ணி இப்பிடிப் புகையடிக்குது? காஞ்ச வெறகே இல்லியா?"

அவள் அடுப்புப் பக்கமே பார்த்தபடி சொன்னாள். "மழையும் மிதியும் பட்ட பழைய கட்டை டீச்சர். பொளந்து வச்சேன். புடிக்க நேரமாகுது."

அடுப்பையும் வாசல் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் எனக்கு எட்டியது. எட்டியபோது கோப்பையைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, குடிக்கவும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவனுக்கு அது எனக்கு முன்பே எட்டிவிட்டது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மருந்தைக் குடிப்பது போல் அடிவரை நிறுத்தாமல் குடித்தான்.

பிறகு, அடுப்படியைப் பார்க்காமல், அவளோடு பேசாமல், காலிக் கோப்பையை என்னிடம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் இருந்தா குடுக்கச் சொல்லுங்க டீச்சர்."

நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.